ஓர் ஆயாவின் இடுப்பில் எத்தனை குழந்தை?

2025 ஆகஸ்டில், டெல்லியை ஒட்டிய நொய்டாவின் செக்டர் 137-இல், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் இயங்கிய டே கேரிலிருந்து வீடு திரும்பிய 15 மாதப் பெண் குழந்தையின் தொடையில் வட்ட வட்டமாகத் தடிப்புகள் இருந்தன. ஏதோ ஒவ்வாமை என்றுதான் பெற்றோர் முதலில் நினைத்தார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, இவை பல் பதிந்த தடங்கள் என்றார். அதன் பிறகு காப்பகத்தின் சிசிடிவி பதிவு வெளியே வந்தது. அழும் குழந்தையைப் பணிப்பெண் அறைகிறார், தரையில் போடுகிறார், கடிக்கிறார். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. தொலைக்காட்சிகள் அந்தப் பதிவை நாள் முழுக்க ஓட்டின. டெல்லி, நொய்டா, குருகிராம் என்று தலைநகர் வட்டாரத்தின் குடியிருப்புச் சங்கங்களிலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கோரிக்கைதான் எழுந்தது: எல்லா டே கேரிலும் கேமரா வேண்டும்.

பதறியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த டே கேரில் கேமரா இருந்தது. வேலையும் செய்தது. அதனால்தான் நமக்கு இந்தச் சம்பவமே தெரியவந்தது. 2016 நவம்பரில் நவி மும்பை கார்கரில் 10 மாதக் குழந்தையை ஆயா ஒருவர் அடித்து உதைத்த சம்பவத்திலும் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு இடத்திலும் அது தன் கடமையைச் சரியாகச் செய்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. தென்கொரியா 2015-இல் எல்லாக் குழந்தைகள் காப்பகங்களிலும் கேமராவைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2024 ஜூலையிலிருந்து மழலையர் பள்ளிகளில் கட்டாயமாக்கியிருக்கிறது. கேமரா வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வழக்கு நிற்க அது உதவும், கை ஓங்குபவரை ஒரு கணம் யோசிக்கவும் வைக்கும். ஆனால் அதை மட்டுமே கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். குழந்தை கீழே விழும் நொடியில் ஓடிவந்து பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைகள் ஒரு டே கேரில் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் நாம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கொடூரம் நம் கண்ணை இழுத்துக்கொள்கிறது. அதில் சிக்கல் இருக்கிறது. கடிக்கும் ஆயா, உதைக்கும் ஆயா என்ற பிம்பம் மனத்தில் பதிந்துவிட்டால், 'நல்ல மனுஷியா' என்று பார்த்து விட்டால் போதும், குழந்தை பத்திரம் என்று தோன்றிவிடும். ஆனால் சின்னக் குழந்தைகளின் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கெட்ட மனசு கிடையாது. அவர்கள் உடம்பின் அமைப்பும், அவர்கள் இருக்கும் அறையின் அமைப்பும்தான் காரணம். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் கனம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புறக் கவிழும். கவிழ்ந்தால் தானே நிமிர முடியாது. அரை வாளித் தண்ணீர் அதற்குக் கிணறு. மூச்சுக்குழாயோ சிறியது, ஒரு வேர்க்கடலை, ஒரு முழுத் திராட்சை அதை அடைத்துவிடும். தோல் மெல்லியது, நமக்குக் குடிக்கப் பதமாக இருக்கும் டீ அதைப் பொத்துப்போகச் செய்யும். இதோடு டெல்லியின் வீடுகளையும் பருவங்களையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே பெரும்பாலான டே கேர்கள் குடியிருப்பதற்காகக் கட்டிய வீடுகளில்தான் நடக்கின்றன. ஒடுங்கிய மாடிப்படி, இடைவெளி விட்ட பால்கனிக் கம்பி, கீழே வண்டி நிறுத்தும் இடம், வாசலில் கார் பின்னால் எடுக்கும் சந்து. மே மாதத்தில் தகர உடம்புக் கூலர். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். டிசம்பரில் வாளிக்குள் போட்ட இமர்ஷன் ராடு, மூடிய அறையில் ஹீட்டர், அதைவிட மோசமாக, கரி போட்ட அங்கீட்டி அடுப்பு. இவற்றில் எதற்கும் வில்லன் தேவையில்லை. அன்பான, களைத்துப்போன ஒரு பெண் கதவைத் திறக்கப் போய் அரை நிமிடம் திரும்பாமல் இருந்தால் போதும்.

தண்ணீர்த் தொட்டிகளின் கதையைப் பாருங்கள். 2016 ஜனவரி 30 அன்று டெல்லி வசந்த் குஞ்சில் ஒரு தனியார் பள்ளியில், ஒன்றாம் வகுப்புச் சிறுவன் வளாகத்தின் நீர்த்தொட்டியில் இறந்து கிடந்தான். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் எல்.கே.ஜி. படித்த சிறுமி விழுந்து இறந்தாள். தொட்டியின் மேலிருந்த இரும்பு மூடி துருவேறியிருந்தது. நான்கே மாதத்தில், ஏப்ரல் 29 அன்று, மதுரை கே.கே.நகரில் மழலையர் பள்ளி ஒன்றின் கோடைக்கால வகுப்புக்கு வந்த நான்கு வயதுக் குழந்தை, சரியாக மூடாத தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரிழந்தது. இடம் வேறு, ஆண்டு வேறு. தொட்டியும் மூடியும் ஒன்றுதான். மூன்று இடத்திலும் அந்தக் குழந்தை கூட்டத்திலிருந்து விலகிப் போனதை உரிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. இத்தகைய சாவுகளை நாம் 'விபத்து' என்றே சொல்கிறோம். பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001-லேயே, காயங்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லைத் தன் பக்கங்களில் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தது. முன்கூட்டியே கணிக்கவும் தடுக்கவும் முடிகிற ஒன்றைத் தற்செயல் போலக் காட்டுகிறது என்பது அதன் காரணம். நம் மொழியில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழம். தலைவிதிக்கும் நாம் 'விதி' என்கிறோம், சட்டவிதிக்கும் 'விதி' என்கிறோம். சாவு வீட்டில் முதல் விதியைப் பற்றியே பேசி எழுந்து வந்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2008-இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 8,30,000 குழந்தைகளும் சிறார்களும் இத்தகைய காயங்களால் இறந்தார்கள். அவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். தலைவிதி நாட்டு எல்லை பார்த்தா எழுதுகிறது?

ஆகவே இரண்டாவது விதிக்கு வருவோம். அதில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு சின்னக் கணக்கு: ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தை? இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒரு பணியாளர் இருந்தாக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நான்குக்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்துக்கு ஒருவர் என்று தளர்த்தியபோதே அங்கே பெற்றோரும் பணியாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். சிங்கப்பூரில் ஒன்றரை வயது வரை ஐந்து குழந்தைக்கு ஒருவர். இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒரு பெண்ணுக்கு இடுப்பு இரண்டு. தீப்பிடித்தால், புகை சூழ்ந்தால், நடக்கத் தெரியாத குழந்தைகளில் இரண்டை அவள் தூக்கிக்கொண்டு ஓடலாம், மூன்றாவதை எப்படியாவது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். நான்காவது குழந்தை அறையிலேயே இருக்கும். 2024 மே 25 இரவு கிழக்கு டெல்லி விவேக் விஹாரில் பச்சிளங் குழந்தைகளுக்கான தனியார் மருத்துவமனை எரிந்தபோது 7 குழந்தைகள் இறந்தன. மற்றக் குழந்தைகளை மீட்பதில் கட்டடத்தின் பின்பக்கமாக ஏறிய அக்கம்பக்கத்தார் முன்னால் நின்றார்கள். அந்த மருத்துவமனையின் உரிமம் மார்ச் 31-லேயே காலாவதியாகியிருந்தது. அனுமதி இருந்ததும் 5 படுக்கைக்குத்தான் என்பது பிறகு வெளிப்பட்டது. அது டே கேர் இல்லைதான். ஆனால் தானாக எழுந்து ஓட முடியாத உயிர்களை, குடியிருப்புத் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள், எண்ணிக்கைக்கு மேல் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகரம் இதைவிடத் தெளிவான பாடத்தைப் பெற்றதில்லை.

நம் நாட்டு எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம், ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரையிலான 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று வகுத்தது. தனியார் மழலையர் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், நூறு நாள் வேலைச் சட்டம் இதைவிட விவரமாக இருந்தது. வேலைத்தளத்துக்கு அம்மாக்களோடு வரும் ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டாலே, அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பெண்ணை நியமிக்கச் சொன்னது. ஏரிக்கரையில் மண் சுமக்கும் தாயின் குழந்தைக்கு நாடாளுமன்றம் 2005-இல் காட்டிய அக்கறை, டெல்லியின் துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ மாதாமாதம் கட்டணம் செலுத்தும் தாயின் குழந்தைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எண்ணிக்கையின் இன்னொரு பக்கம், ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்பது. இதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஜூலியா ரிக்லியும் ஜோயன்னா டிரெபியும் 1985 முதல் 2003 வரை அந்நாட்டில் பிறர் பராமரிப்பில் இருந்தபோது இறந்த குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பலர் சேர்ந்து வேலை செய்யும் காப்பகங்கள், ஒருவர் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைவிட மிகப் பாதுகாப்பானவை என்று அதில் தெரியவந்தது. கைக்குழந்தைகள் வன்முறைக்குப் பலியாவதில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. காப்பகத்தில் வேலை செய்பவர்கள் எல்லாம் பிறவியிலேயே பொறுமைசாலிகளா? அப்படி இல்லை. குழந்தை ஓயாமல் அழுது ஒருத்திக்குத் தலைக்கேறும் நேரத்தில், 'நீ போய்த் தண்ணி குடி, நான் பார்த்துக்கறேன்' என்று வாங்கிக்கொள்ள இன்னொருத்தி பக்கத்தில் இருக்கிறாள். சாட்சியும் அவளே, மாற்று ஆளும் அவளே. கேமராவால் முதலாவதாக மட்டுமே இருக்க முடியும். நொய்டா பதிவையும் கார்கர் பதிவையும் இந்தக் கேள்வியோடு மறுபடி பார்க்க வேண்டும்: அந்தப் பெண்ணின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள்?

இங்கேதான் முதல் மறுப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. மூன்று குழந்தைக்கு ஒருவர் என்றால் செலவு எங்கே போகும்? கணக்கைப் போட்டே பார்க்கலாம். 2025 ஏப்ரலில் டெல்லி அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், பயிற்சியற்ற தொழிலாளிக்கு மாதம் 18,456 ரூபாய். மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்று வைத்தால் ஒவ்வொரு குழந்தையும் அவருடைய சம்பளத்துக்கு மட்டும் 6,152 ரூபாய் தர வேண்டும். ஐந்து பேர் என்றால் 3,691. பத்து என்றால் 1,846. இன்னும் வாடகை, பால், மின்கட்டணம், உரிமையாளரின் வருமானம் எதுவும் சேரவில்லை. ஆக, ஒரு டே கேர் கைக்குழந்தைக்கு மாதம் மூவாயிரம் ரூபாய்தான் என்று விளம்பரம் செய்தால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்: ஓர் ஆயாவிடம் பல குழந்தைகள் இருக்கின்றன, அல்லது அந்த ஆயாவுக்குச் சட்டப்படியான சம்பளம் கிடைக்கவில்லை. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மலிவு என்பது யாரோ ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. ஒன்று ஆயாவின் தலை, இல்லாவிட்டால் குழந்தையின் தலை. விதியைக் கடுமையாக்கினால் வீட்டு வேலைக்குப் போகும் பெண், கடையில் நிற்கும் பெண், செவிலியர் உதவியாளர் போன்றோர் காப்பகத்தை விட்டே விலக நேரும். பூட்டிய வீட்டில் ஏழு வயது அக்காவிடம் கைக்குழந்தையை விட்டுப் போவார்கள் என்ற அச்சம் உண்மையானது. ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு, விதி வேண்டாம் என்பதல்ல. அந்தச் செலவு வித்தியாசத்தை யார் கொடுப்பது என்று கேட்க வேண்டும்.

பதில் டெல்லியிலேயே ஒரு காலத்தில் கிடைத்தது. 1969-இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டுமானம் நடந்தபோது, செங்கல் குவியலுக்கும் ஜல்லிக்கும் நடுவே புழுதியில் கிடந்த கூலித்தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுதான் 'மொபைல் கிரெஷ்' அமைப்பின் ஆரம்பம். கட்டடம் முடிந்து தொழிலாளர்கள் அடுத்த தளத்துக்குப் போனால் காப்பகமும் கூடவே போகும். தலைநகரிலேயே ஆபத்து மிகுந்த இடத்தில், மிக ஏழைக் குழந்தைகளுக்கு இதைச் செய்ய முடியும் என்று அது காட்டியது. அரசு அந்தப் பாதையில் சிறிது தூரம் நடந்து, பிறகு திரும்பிவிட்டது. 2010-களின் நடுப்பகுதியில் 20,000-க்கும் மேல் இருந்த மத்திய அரசுத் திட்டக் காப்பகங்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 7,000-க்கும் கீழே சரிந்தன. 2022-இல் 'பால்னா' என்ற புதிய பெயரில், அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கும் திட்டம் வந்தது. 17,000 அங்கன்வாடிக் காப்பகங்கள் என்பது இலக்கு. முந்தைய திட்டத்தில் காப்பகப் பணியாளருக்கு மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. நாளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து 25 உயிர்களுக்குப் பாதிப் பொறுப்பை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்த நாடு, ஆயாவுக்குப் பயிற்சி போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது கொஞ்சம் அதிகம். 'மதிப்பூதியம்' என்ற சொல்லில் மதிப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்பது. இந்தத் தலைவலியே வேண்டாம், குழந்தை வீட்டில் பாட்டியிடம் இருக்கட்டும் என்பார்கள். டெல்லியில் வாழும் தமிழர்கள் பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆறு மாதம் பெண்ணின் அம்மா, ஆறு மாதம் பையனின் அம்மா, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மாற்றி மாற்றி வருகிறார்கள். முட்டி வலியோடு, மொழி தெரியாத ஊரில், மூன்றாவது மாடியில், ஓடத் தொடங்கிவிட்ட பேரனின் பின்னால் நாள் முழுக்கத் தனியாக ஓடும் அந்தப் பாட்டியின் நிலைமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அன்பில் அவரை மிஞ்ச முடியாது. ஆனால் கொதிக்கும் குக்கரும் திறந்த பால்கனிக் கதவும் அன்பைப் பார்த்து ஒதுங்குவதில்லை. வீடு பாதுகாப்பு, காப்பகம் ஆபத்து என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் குறைவு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இரண்டு இடத்திலும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 1989-லேயே, ஒழுங்காக நடக்கும் காப்பகத்தில் காயமடையும் வாய்ப்பு வீட்டைவிட அதிகமில்லை என்று காட்டியது. வீட்டில் காயம் பட்டால் வெளியே தெரிவதில்லை, டே கேரில் பட்டால் செய்தியாகிறது. வித்தியாசத்தில் பெரும்பகுதி அதுதான். அம்மாவே வேலையை விடட்டும் என்கிற மூன்றாவது குரலுக்கு நான் இங்கே பதில் சொல்லப் போவதில்லை. அது குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சே இல்லை.

நான்காவது மறுப்புத்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. உரிமம், ஆய்வு என்று கொண்டுவந்தால் என்ன நடக்கும், இன்ஸ்பெக்டர் வருவார், கவர் வாங்குவார், சான்றிதழ் சுவரில் தொங்கும், குழந்தை அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பள்ளிக் கட்டடத்துக்கும் கோப்புகளில் கையெழுத்துகள் இருந்தன. சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியபோது, அந்தக் கையெழுத்துகளால் ஒரு குழந்தையைக்கூடத் தூக்க முடியவில்லை. ஆனால் கும்பகோணத்துக்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரை பெரும்பாலும் போய்விட்டது. அதே காலத்தில் போட்ட எத்தனையோ உத்தரவுகள் காகிதத்தில் தூங்கும்போது இது மட்டும் ஏன் நிறைவேறியது? கூரை தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும் என்பதால்தான். கீற்று இருக்கிறதா, இல்லையா என்பதற்குப் பொறியாளர் தேவையில்லை. எந்தத் தாயும் வாசலில் நின்று சொல்லிவிடுவாள். லஞ்சம் வாங்கிக்கொண்டு கீற்றை ஓடு என்று எழுத முடியாது. குழந்தைகள் காப்பகத்துக்கும் இத்தகைய விதிகள்தான் வேண்டும்: யாரும் பார்க்கக்கூடியவை, யாரும் எண்ணக்கூடியவை. 'சுகாதாரமான, அன்பான சூழல்' என்று வழிகாட்டுதலில் எழுதுவது சுலபம், அதை யாராலும் சோதிக்க முடியாது. ஒரே நேரத்தில் எந்த அறையிலும் இரண்டு பெரியவர்களுக்குக் குறையக் கூடாது, இரண்டு வயதுக்குக் கீழ் ஒருவருக்கு இத்தனை குழந்தைதான், தரைத்தளம்தான், வெளியேற இரண்டாவது கதவு, தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி என்று எழுதினால், சோதிக்க இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த எண்களைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைக்கச் செய்தால் பெற்றோரே ஆய்வாளர்கள். கும்பகோணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடக்கம் என்றது. ஆனால் மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்குக் கல்வி உரிமைச் சட்டமே இல்லை. அந்தத் தீர்ப்பின் நிழலுக்குள் வர அது இன்னும் வளர வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போது குழந்தையைப் பஞ்சில் பொதிந்து வைக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முழங்கால் சிராய்க்காமல் யாரும் ஓடப் பழகியதில்லை. நெற்றியில் சின்னப் புடைப்பு, பொம்மைச் சண்டையில் ஒரு கீறல், ஏன், இன்னொரு ஒன்றரை வயதுக் குழந்தை வைத்த கடிகூட, டே கேர் வாழ்க்கையில் சகஜம். ஒரு சிராய்ப்புக்காக ஆயாவை வேலையைவிட்டு அனுப்பும் பெற்றோர், அடுத்த சிராய்ப்பை மறைக்க அடுத்த ஆயாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆறும் காயத்தையும் ஆறாத காயத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் விஷயம். விழுந்தால் சிராய்க்கிற உயரத்தில் சறுக்குமரம் இருக்கலாம். விழுந்தால் திரும்பி வராத தொட்டி திறந்திருக்கக் கூடாது. இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன நேரம், எந்த இடம், என்ன காயம், அப்போது அறையில் எத்தனை குழந்தை, எத்தனை பெரியவர், பெற்றோரிடம் சொன்னது எப்போது. சின்னதோ பெரிதோ, எல்லாம் அதில் ஏற வேண்டும். எழுதியதற்காக யாருக்கும் தண்டனை கூடாது, எழுதாமல் விட்டதற்கு உண்டு. மூன்று மாதம் எழுதினால் அந்த நோட்டே பேசும். எல்லாக் காயமும் மாலை ஐந்து மணிக்கு மேல் என்றால் அந்த நேரத்தில் ஆள் குறைவு. எல்லாம் ஒரே படிக்கட்டில் என்றால் அதற்குக் கதவு வேண்டும். டெல்லியில் எத்தனை டே கேர் இருக்கிறது என்ற பட்டியலே அரசிடம் முழுமையாக இல்லாத நிலையில், காயங்களின் கணக்கு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். ஒரு நோட்டிலிருந்துதான் வர முடியும்.

சட்டம் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1948 தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வைக்கச் சொன்னது. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் உரிமை தந்தது. குழந்தையிடம் கொடூரமாக நடந்துகொள்ளும் பராமரிப்பு நிறுவன ஊழியருக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. காப்பகம் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்கிறது, கொடுமை நடந்தால் தண்டிப்போம் என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. நடுவில், காலை எட்டரைக்கும் மாலை ஆறரைக்கும் இடையே அந்த அறைக்குள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டுதல்கள்தான் உண்டு. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளைக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் தனியார் இடம் உரிமம் பெற்றே தீர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் கட்டளையிடும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. தெருவோரம் பானிபூரி விற்கக்கூட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவு வேண்டும்.

சட்டம் வரும்வரை பெற்றோர் காத்திருக்க முடியாது. நாளைக் காலை குழந்தையை விடும்போது, கேமரா எங்கே என்று கேட்பதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள். இந்த அறையில் எத்தனை குழந்தை, எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறீர்கள்? ஒருவர் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் யார்? காய நோட்டு இருக்கிறதா, காட்டுங்கள். பிறகு ஏதாவது ஒரு நாள், மாலை ஐந்தரை மணி வாக்கில், சொல்லாமல் போய் வாசலில் நின்று தலைகளை எண்ணிப் பாருங்கள்.